இரவு இரண்டு மணிக்கு உப்புத் தொட்டியில் என்ன நடக்கிறது? வீட்டுச் சொஃப்ட்னர் தன்னைத்தானே புதுப்பிக்கும் விதம்

எங்கள் வீட்டில் சொஃப்ட்னர், அதாவது கிணற்றுத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின், பூட்டி மூன்று மாதமாகியும் உப்புத் தொட்டியில் உப்பு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. "நல்ல மெஷின்தான், உப்பே தின்னுதில்லை" என்று அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் கேத்தலின் அடியில் எப்போதோ பழையபடி வெள்ளைப் படை ஏறத் தொடங்கியிருந்தது. பூட்டிய தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல், "அண்ணை, ரெசின் செத்துப்போச்சு, மாத்தவேணும்" என்றார். மாற்றுவதற்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதும்தான் இந்தப் பெட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

ரெசின் என்பது மெஷினுக்குள் இருந்து தண்ணீரை மென்மையாக்கும் மணிகள். அது சாகவில்லை, பட்டினி கிடந்தது. அதற்கு உப்புத் தண்ணீர் ஒரு நாளும் போய்ச் சேரவேயில்லை. ஏன் போகவில்லை என்பது வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் விசயம் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தண்ணீர் எது என்று பாருங்கள்

உவர்த் தண்ணீர் வேறு, வன்னீர் வேறு. நாக்கில் கரிப்பது உவர். கரிக்காமலே சவர்க்காரத்தை நுரைக்க விடாமல், தலைமயிரைச் சிக்காக்கி, ஷவரின் துளைகளை அடைத்து, கேத்தலில் சுண்ணாம்பாகப் படிவது வன்னீர். கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் தண்ணீர் அது. முழங்காவில், பூநகரி, முருங்கன் பக்கங்களில் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. வவுனியாப் பக்கம் அடியில் இருப்பது வேறு வகைக் கடும்பாறை என்றாலும் அங்கும் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் வன்மையாக வருவது புதிதல்ல. வன்னிக்கும் வன்னீருக்கும் பெயரில் மட்டுமல்ல பொருத்தம்!

சொஃப்ட்னர் தீர்ப்பது வன்மையை மட்டுமே. கடலோரத்துக் கிணறு உவர்த்துப்போனால் இது உதவாது. புளோரைட்டையும் எடுக்காது. வவுனியாவில் சிறுநீரக நோய்ப் பயத்தில் ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வால் வடித்த தண்ணீர்) வாங்கிக் குடிப்பவர்கள் சொஃப்ட்னர் பூட்டிவிட்டோம் என்று அதை நிறுத்திவிடக்கூடாது.

வன்மையின் அளவு தெரியாமல் மெஷினைச் சரியாக அமைக்கவே முடியாது. வீட்டில் செய்யும் சோதனை சுலபமானது. தெளிந்த போத்தல் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, சீவிய உடுப்புச் சவர்க்காரம் சிறிது போட்டு, மூடிக் குலுக்குங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே திரைந்த ஆடை நின்றால் வன்னீர். நுரை நின்று கீழே தெளிவாக இருந்தால் மென்னீர். எண்ணாக அறிய வேண்டுமென்றால் சோதனைத் தாள் வாங்குங்கள், அல்லது ஆய்வுகூடத்தில் கொடுங்கள். கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள். 60 வரை மென்னீர், 120க்கு மேல் வன்னீர், 180க்கு மேல் கடும் வன்னீர். குடிநீருக்கான இலங்கைத் தரம் 250 என்று எல்லை வைத்திருக்கிறது. ஒரு தடவை பார்த்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். மாரியில் கிணறு நிரம்பியிருக்கும்போது ஒன்று, ஆவணி வெயிலில் தண்ணீர் அடிக்குப் போனபிறகு ஒன்று என்று இரண்டு தடவை பாருங்கள். மெஷினில் போடவேண்டியது பெரிய எண்.

தாங்கிக்குள் இருக்கும் மணிகள்

சொஃப்ட்னரில் உள்ள உயரமான தாங்கிக்குள் மீன் சினை மாதிரி மஞ்சள் நிறச் சின்னஞ்சிறு மணிகள் இருக்கும். அதுதான் ரெசின். ஒவ்வொரு மணியும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் உடம்பெங்கும் மறை மின்னேற்றம் உள்ள இடங்கள் உண்டு. அந்த இடங்களில் ஆரம்பத்தில் சோடியம் உட்கார்ந்திருக்கும். வன்னீர் மேலிருந்து கீழே இறங்கும்போது கல்சியம் வந்து இரண்டு சோடியத்தை எழுப்பிவிட்டு அந்த இரண்டு இடத்திலும் தான் அமர்ந்துகொள்ளும். கல்சியத்தின் ஏற்றம் இரண்டு, சோடியத்தின் ஏற்றம் ஒன்று. அதனால் ரெசினுக்குக் கல்சியத்தின்மேல்தான் பிடிப்பு அதிகம்.

அப்படியானால் பிறகு சோடியம் எப்படிக் கல்சியத்தை எழுப்புகிறது? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் நல்ல உடம்புள்ள ஒருவர் முன்வரிசையில் இடம் பிடித்து நிற்கிறார் என்று வையுங்கள். உங்களாலோ என்னாலோ தனியாகப் போய் அவரை அசைக்க முடியாது. ஆனால் பின்னாலிருந்து சனம் அலையாகத் தள்ளினால் அவரும் நகர்ந்துதான் ஆகவேண்டும். உப்புத் தண்ணீர் அந்தச் சனம். சாதாரணத் தண்ணீரில் இருக்கும் கொஞ்சச் சோடியத்தால் முடியாததை, நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புக் கரைந்த தண்ணீர் செய்துவிடும். எண்ணிக்கையும் நெருக்கமும்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் உப்புத் தண்ணீர் நீர்த்துப்போனாலோ, தாங்கிக்குள் நுழையாமலே நின்றாலோ மற்ற எல்லாம் ஒழுங்காக நடந்தும் பலனில்லை.

புதுப்பித்தல்: ஒன்றரை மணி நேரம், ஐந்து கட்டம்

தாங்கியின் தலையில் இருக்கும் வால்வுக்குள் ஒரு சின்ன மோட்டர் உண்டு. அது ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் நகர்த்தி, தண்ணீர் போகும் வழியை மாற்றுகிறது. மூளை என்று சொல்ல அதில் இருப்பது ஒரு மணிக்கூடும், சில மெஷின்களில் தண்ணீர் அளக்கும் சிறு சக்கரமும்தான்.

முதலாவது, எதிர்க் கழுவல். இதுவரை மேலிருந்து கீழே போன தண்ணீர் இப்போது கீழிருந்து மேலே பாய்ந்து வடிகாலுக்குப் போகும். அமுங்கிக் கிடந்த மணிகள் கிளர்ந்து மிதக்கும், இடையில் சிக்கிய மண்ணும் துருவும் வெளியேறும். எட்டு முதல் பத்து நிமிடம். வடிகால் குழாயில் முதலில் வரும் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வந்தால் பயப்படவேண்டாம், அது உங்கள் கிணற்று மண். மணிகளே வெளியே வந்தால்தான் பயப்படவேண்டும்.

இரண்டாவது, உப்பு இழுத்தல். மெஷினின் உயிர் இதில்தான் இருக்கிறது. உப்புத் தொட்டியில் பம்ப் எதுவும் கிடையாது. வால்வுக்குள் ஒரு நுண்ணிய துளை இருக்கிறது. தண்ணீர் அதற்குள்ளால் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பக்கத்துக் குழாய் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். ஸ்ட்ரோவில் இளநீர் உறிஞ்சுகிறோமே, அதே வேலையை இங்கே பாயும் தண்ணீர் செய்கிறது. தொட்டியில் உப்பு முழுதாகக் கரைந்து, நூற்றுக்கு 26 பங்கு அளவில் இருக்கும். துளையில் ஓடும் தண்ணீரோடு கலந்து ஏறத்தாழ 10 பங்காக நீர்த்து ரெசினுக்குள் மெதுவாக இறங்கும். மெதுவாக என்பது வேண்டுமென்றே செய்தது. மணிக்குள் போய்க் கல்சியத்தைத் தள்ள நேரம் வேண்டும்.

மூன்றாவது, மெதுக் கழுவல். இதற்கென்று வால்வு இடம் மாறுவதில்லை. தொட்டியில் உப்புத் தண்ணீர் தீர்ந்ததும் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள சிறு பந்து இறங்கி வழியை அடைத்துவிடும், காற்று உள்ளே போகாது. துளையால் வெறும் தண்ணீர் மட்டும் தொடர்ந்து பாய்ந்து, ரெசினுக்குள் நிற்கும் உப்பை மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டு போகும். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் உப்பு இழுப்பது முதல் கால் மணி அளவுதான்.

நான்காவது, வேகக் கழுவல். ஐந்து முதல் பத்து நிமிடம். மணிகளை மீண்டும் அமுக்கி, மிஞ்சிய உப்பை வெளியேற்றும்.

ஐந்தாவது, தொட்டிக்குத் தண்ணீர் விடுதல். அடுத்த தடவைக்குத் தேவையான உப்பைக் கரைக்க, கணக்காக அளந்த தண்ணீர் தொட்டிக்குப் போகும். ஒரு லீற்றர் தண்ணீர் கரைப்பது ஏறத்தாழ 360 கிராம் உப்பு, அதற்கு மேல் கரைக்காது. ஆகவே இரண்டரைக் கிலோ உப்பு வேண்டுமென்றால் மெஷின் ஏழு லீற்றர் தண்ணீர் விட்டால் போதும், தராசு தேவையில்லை. தொட்டி நிறைய உப்பைக் கொட்டினாலும் அது எடுப்பது இந்த ஏழு லீற்றரில் கரைந்ததை மட்டும்தான். சில மெஷின்களில் இந்தக் கட்டம் முதலில் வரும்.

இவ்வளவும் நடக்கும்போது வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் அது வன்னீர். ஊர் தூங்கும் இரவு இரண்டு மணி என்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்புவது இதனால்தான்.

எங்கள் மெஷின் ஏன் பட்டினி கிடந்தது

எங்கள் வீட்டில் குழாய்க்கிணற்று மோட்டர் மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும். தாங்கி இருபது அடிக் கோபுரத்தில். சொஃப்ட்னரைத் தாங்கிக்குக் கீழே, வீட்டுக்கு வரும் குழாயில் பூட்டியிருந்தார்கள். பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். இருபது அடி என்பது ஆறு மீற்றர், ஆகவே 0.6 பார். இந்த வால்வுகளில் பெரும்பாலானவை ஒழுங்காக உறிஞ்சுவதற்கு 1.5 பாருக்குக் கிட்டவாவது கேட்கும். மணிக்கூடு சரியாக இரண்டு மணிக்கு அடித்தது, பிஸ்டன் நகர்ந்தது, தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஓடியது, உப்பு மட்டும் ஏறவில்லை. காலையில் திரையில் எல்லாம் முடிந்தது என்று காட்டியது. மெஷினுக்குத் தான் சாப்பிட்டதா இல்லையா என்று தெரியாது!

மேல்தாங்கி வைத்த வீடுகளுக்கு இரண்டு வழி. ஒன்று, தாங்கிக்கும் சொஃப்ட்னருக்கும் இடையில் ஓட்டோமற்றிக் பிறஷர் பம்ப் பூட்டுவது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அதுவாக இயங்கும், இரவு இரண்டு மணியும் பிரச்சினையில்லை. தாங்கியில் மட்டும் 250 லீற்றராவது மிச்சம் இருக்கவேண்டும். இரண்டாவது, சொஃப்ட்னரைக் கிணற்று மோட்டருக்கும் தாங்கிக்கும் இடையில் வைப்பது. அழுத்தம் தாராளமாகக் கிடைக்கும், தாங்கியில் நிற்பதெல்லாம் மென்னீர். ஆனால் இரவு இரண்டு மணிக்கு மோட்டர் ஓடாது. ஆகவே புதுப்பிக்கும் நேரத்தைப் பகலுக்கு மாற்றி, அந்த ஒன்றரை மணி நேரமும் மோட்டர் ஓடும்படி பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் மெஷின் வன்னீரைத் தாங்கிக்கு விட்டுவிடாமல் இருக்க, தாங்கிக்குப் போகும் வால்வை மூடவும் வேண்டும். வழி முழுதும் மூடினால் மோட்டர் திணறும். எதிர்க் கழுவலுக்குத் தேவையானதைவிட மிஞ்சும் தண்ணீருக்குக் கிணற்றடியில் ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். நான் முதல் வழிக்கே போனேன். செலவு கூடத்தான், ஆனால் ஞாபகம் வைக்கவேண்டிய வேலை குறைவு.

இன்னொன்று, கரண்ட். மின்சாரம் நின்று வந்தால் பழைய மெஷின்களின் மணிக்கூடு நின்ற இடத்திலிருந்து ஓடும். நாலு மணி நேரம் கரண்ட் போனால் இரவு இரண்டு மணி என்பது காலை ஆறு மணியாகிவிடும், பிள்ளைகள் பள்ளிக்குக் குளிக்கும் நேரம். கரண்ட் போய் வந்த ஒவ்வொரு தடவையும் மணிக்கூட்டை ஒரு பார்வை பாருங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

வாங்கும்போது நாள் கணக்கில் ஓடுவதா, தண்ணீர்க் கணக்கில் ஓடுவதா என்று கேளுங்கள். பொங்கல், திருவிழா என்றால் வீடு நிறையச் சொந்தக்காரர், அடுத்த கிழமை யாருமில்லை என்பதுதான் எங்கள் வீடுகளின் நிலை. அதனால் தண்ணீரை அளந்து ஓடுவதே நல்லது. நாள் கணக்கு மெஷின் வெறும் வீட்டிலும் உப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்கும்.

கணக்கு இப்படி. 25 லீற்றர் ரெசின் உள்ள தாங்கி. லீற்றருக்கு 100 கிராம் வீதம் இரண்டரைக் கிலோ உப்புப் போட்டால் ஒரு லீற்றர் ரெசின் ஏறத்தாழ 45 கிராம் வன்மையைப் பிடிக்கும், மொத்தம் 1125 கிராம். உங்கள் தண்ணீர் 400 என்றால் ஒவ்வொரு லீற்றரிலும் 0.4 கிராம். வகுத்தால் 2800 லீற்றர். ஐந்து பேர், ஆளுக்கு 150 லீற்றர் என்று வைத்தால் நாளைக்கு 750. அதாவது மூன்றே முக்கால் நாள். கடைசிச் சொட்டுவரை காத்திராமல் மூன்றாம் நாள் இரவு வைத்தால் சரி.

உப்பைக் கூட்டினால் நாளும் கூடுமா என்றால், கூடும், ஆனால் விகிதத்துக்கு அல்ல. லீற்றருக்கு 240 கிராம் போட்டாலும் கிடைப்பது 68 கிராம் அளவுதான். உப்பு இரண்டு மடங்குக்கு மேல், பலன் ஒன்றரை மடங்கு. அதனால் குறைய உப்பு, அடிக்கடி என்பதே என் கட்சி. தண்ணீர் பஞ்சமான வீட்டில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடலாம். ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் 200 முதல் 250 லீற்றர் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது, ஆவணியில் அது சின்ன விசயமில்லை.

உப்பு

மாவு உப்பு வேண்டாம், அடியில் கூழாகிக் குழாயை அடைக்கும். அயடின் கலந்திருப்பதால் கெடுதல் இல்லை, பொடியாக இருப்பதுதான் கெடுதல். கல்லுப்புதான் சரி. ஆனையிறவு உப்பளம் இவ்வளவு கிட்ட இருக்கும்போது (ஒரு காலத்தில் அந்த உப்பில்தான் பரந்தனில் குளோரினும் காஸ்டிக் சோடாவும் செய்தார்கள்) நாங்கள் வெளிநாட்டு உருண்டை உப்புக்குக் காசு கொட்டவேண்டியதில்லை. ஆனால் கருவாடு போட வாங்கும் மூட்டை உப்பில் மண்ணும் இருக்கும். ஒரு பிடியைக் கண்ணாடிக் கிளாசில் கரைத்துப் பாருங்கள். அடியில் மண் தெரிந்தால் கழுவிய கல்லுப்பாகத் தேடி வாங்குங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கவிழ்த்துக் கழுவ ஆயத்தமாக இருங்கள்.

மாரியில் ஈரக்காற்றுக்கு உப்பு இறுகிப் பாலம்போல நிற்கும். மேலிருந்து பார்த்தால் தொட்டி நிறைய உப்பு, கீழே வெறும் தண்ணீர். விளக்குமாற்றுத் தடியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள், பொக்கென்று இறங்கினால் அதுதான்.

பகலில் ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்

நான் சொல்வதில் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒரு ஞாயிறு காலை, உப்புத் தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். மெஷினைக் கையால் தொடக்குங்கள், பெரும்பாலும் ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். வடிகால் குழாயின் முனையில் ஒரு வாளி. முதலில் கலங்கல் வந்து தெளியும். பிறகு ஓட்டம் சட்டென்று மெலியும், உப்பு இழுக்கும் கட்டம் வந்துவிட்டது. இப்போது தொட்டியை டோர்ச் அடித்துப் பாருங்கள். கால் மணியில் தண்ணீர் குறிக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கவேண்டும். இறங்காவிட்டால் நோய் இங்கேதான். அழுத்தம் போதாது, அல்லது துளையில் மண் அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சு குழாயின் பூட்டு தளர்ந்து காற்று இழுக்கிறது. துளையுள்ள பகுதியைக் கழற்றிக் கழுவுவது அரை மணி வேலை, ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், அளவு கெட்டுவிடும். மட்டம் இறங்காமல் ஏறினால் வடிகால் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். கடுமையாகக் கரிக்கும், கூடவே ஒரு கசப்பும் இருக்கும். கசப்பு ரெசின் விட்டுக்கொடுத்த கல்சியமும் மக்னீசியமும். முதல் தடவை அந்தக் கசப்பு வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூன்று மாதமாக எங்கள் தலையில் ஊற்றிய சுண்ணாம்பு அது. முடிவில் வரும் தண்ணீர் கரிக்கக்கூடாது. கரித்தால் கழுவும் நேரம் போதவில்லை. எல்லாம் முடிந்ததும் போத்தலில் அதே சவர்க்காரச் சோதனை.

கழிவும் குடிதண்ணீரும்

வடிகால் குழாயைக் குழிக்குள் அமிழ்த்தி விடாதீர்கள், முனைக்கும் குழிக்கும் இடையில் ஒரு சாண் வெளி இருக்கட்டும், அழுக்கு திரும்ப ஏறாது. தென்னைக்கு உப்பு நல்லதுதானே என்று வளவுக்குள் விடச் சொல்பவர்கள் உண்டு. மூன்று நாளைக்கு இரண்டரைக் கிலோ என்றால் வருடத்தில் 300 கிலோவுக்கு மேல். எந்தத் தென்னையும் அவ்வளவு கேட்கவில்லை. வாழையும் தேசியும் முதலில் கருகும். கிணற்றிலிருந்து தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் தனிக்குழி வெட்டுங்கள். கையால் தொடக்கும் நாட்களில் முதல் கட்டத்து எதிர்க் கழுவல் தண்ணீரை மட்டும் வாழைக்குத் திருப்பலாம். அது வெறும் கிணற்றுத் தண்ணீர்தான், நான் அப்படித்தான் செய்கிறேன்.

எடுக்கும் கல்சியத்துக்குப் பதில் சோடியம் வருகிறது என்பதை மறக்கவேண்டாம். 100 மில்லிகிராம் வன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம். 400 உள்ள தண்ணீரில் லீற்றருக்கு 184 கூடும், கிணற்றில் ஏற்கனவே இருப்பது வேறு. பிறஷர் வருத்தக்காரர் உள்ள வீட்டிலும், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டிலும் இது கவனிக்கவேண்டிய எண். சமையலறைக்கு ஒரு குழாயைச் சொஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிடுங்கள். ஆர்.ஓ. இருந்தால் அதைச் சொஃப்ட்னருக்குப் பின்னால் பூட்டினால் இரண்டு பயன், சோடியமும் போகும், ஆர்.ஓ. சவ்வில் சுண்ணாம்பும் படியாது.

கிணற்றுத் தண்ணீர் வாளியில் நின்று செம்மஞ்சளாக மாறினால் இரும்பு இருக்கிறது. அதை முன்னாலேயே வடித்தெடுக்காவிட்டால் மணிகளில் துரு ஏறி, எவ்வளவு உப்பு விட்டாலும் கழன்று வராது. ரெசின் உண்மையாகவே சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பிறஷர் பம்ப் பூட்டிய நாலாம் நாள் காலை தொட்டியை எட்டிப் பார்த்த அம்மா, "தம்பி, உப்புக் குறையுது, எங்கையோ ஒழுகுது போல" என்றா.